கலியாணத்துக்கு இரவல் உடுப்பு

கொஞ்சம் நீண்ட பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். என்னுடைய ஒரு தவறை ஒத்துக்கொள்ளவும், அந்தத் தவறால் தேடிப் படித்த சில வரலாற்றுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்ளவும்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் என் தங்கச்சியின் கலியாணம் பதுளை டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சாச்சியின் மகள் ஒரு படம் போட்டாள். பெண்கள் எல்லோரும் மெரூன், ஆண்கள் எல்லோரும் க்ரீம் கலர் சேட். குழுவில் இதயமாகக் கொட்டியது. நானும் ஒன்று போட்டேன். போட்டதோடு நிற்காமல், அந்தப் படத்தையும் அழைப்பிதழோடு சேர்த்துத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

அப்படி அனுப்பியவர்களில் ஒருவர் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய மாமியார் காலத்திலிருந்தே வாப்பாவின் கடைக்கு வந்து போகும் குடும்பம். உம்மா சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பஸ் மாறி வந்து பார்த்துவிட்டுப் போனவர். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "கட்டாயம் வாறோம் டீச்சர், நம்ம வீட்டுக் கலியாணமாச்சே" என்று போனில் சொன்னார்.

ஆனால் வரவில்லை.

திங்கட்கிழமை மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரம் 8 படிக்கிறாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாகிட்ட அந்தக் கலர்ல சேல இல்ல டீச்சர். பக்கத்து வீட்ல கேட்டுக் கட்டிக்கிட்டுப் போன்னு அப்பா சொன்னாங்க. இரவல் சேலயில போனா கேவலம்னு அம்மா வரல."

அப்போது தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஓரளவு நல்ல மெரூன் சேலை என்றால் நாலைந்து நாள் கொழுந்து. சட்டை தைக்கிற கூலி வேறு. அந்தக் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்ததே அந்தத் திங்கட்கிழமைதான்.

நான் வரலாறு படிப்பிக்கிறவள். அன்றிலிருந்து "கேவலம்" என்ற அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. இரவல் உடுப்பு எப்போதிருந்து கேவலமாயிற்று? கலாசாலையில் படித்த பழைய குறிப்புகளையும், நூலகத்தில் கிடைத்த புத்தகங்களையும் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் நம்முடைய மலைநாடு.

றொபேட் நொக்ஸை எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் வருகிறவர். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போய், 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்டார். இங்கே இருந்த காலத்தில் தொப்பி பின்னி விற்றும் வயிற்றைக் கழுவியவர். ஆகவே யார் என்ன உடுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்கத் தெரிந்தவர். அன்றைய ஊவாவும் அந்தக் கண்டி இராச்சியத்துக்குள்தான் இருந்தது.

உடுப்பைப் பற்றி அவர் இரண்டு விஷயங்கள் சொல்கிறார். முதலாவது, ஆளைப் பார்த்தாலே சாதி தெரிந்துவிடும். மேல்நிலையில் இருப்பவர்களுக்குத்தான் மேற்சட்டை. கீழே தள்ளப்பட்டவர்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. அவர்களுடைய பெண்களுக்கும் அதே சட்டம்தான். குளிருக்குத் துணியின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயத்தை வாசித்தபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே விசேஷமாகப் போகும்போது ஆணும் பெண்ணும் உடுப்பையும் நகையையும் பிறரிடம் இரவல் வாங்கித்தான் அணிவார்களாம். சொந்தமாக வாங்க எல்லோருக்கும் வசதியில்லை. அதில் வெட்கமும் இல்லை, ஒளிப்பதும் இல்லை. இது அவரிடம் வாங்கியது, அது இவரிடம் வாங்கியது என்று பேச்சோடு பேச்சாகத் தாங்களே சொல்லிக்கொள்வார்களாம்.

கிட்டத்தட்ட 350 வருஷத்துக்கு முன்னால் இதே மலையில் இரவல் உடுப்பு ஊரறிந்த வழக்கமாக இருந்திருக்கிறது. எந்த உடுப்பை யார் உடுத்தலாம் என்ற சட்டம்தான் மனிதனை அவமானப்படுத்தியது. இரவல் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சிங்களக் கலியாணங்களில் மாப்பிள்ளை நிலமே உடையில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பைச் சுற்றி அடுக்கடுக்காகத் துணி, சரிகை வேலைப்பாடு, தலையில் நான்கு மூலைத் தொப்பி. அரசர் காலத்தில் அது திசாவைகளும் நிலமேமார்களும் போட்ட உடை. சாதாரண ஆள் நினைத்துப் பார்க்க முடியாது. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. இன்று அந்த உடுப்பு டவுனில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. மாப்பிள்ளை காலையில் எடுத்து மறுநாள் திருப்பிக் கொடுக்கிறார். நம்முடைய மணப்பெண்கள் பலருடைய உடுப்பும் நகையும்கூட வாடகைதான். மேடையில் இருப்பவர்கள் வாடகை உடுப்பில் இருக்கிறார்கள், அதை யாரும் கேவலம் என்று சொல்வதில்லை. கீழே வந்து உட்காரும் விருந்தாளிக்கு மட்டும் இரவல் கேவலமா?

அடுத்தது தோட்டத்து மக்கள் வந்த நாடு.

என் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள். பிற்காலத்தில் வந்தவர்களை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் நொடி பார்த்துத்தான் கப்பலேற்றி தலைமன்னாருக்கு அனுப்பினார்கள்.

அதே இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில், அங்கே ஆதிக்கம் செலுத்திய சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். இந்தியாவின் 1931 குடிசன மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றிய தன் நூலில் இதைப் பட்டியலாகவே தருகிறார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. கோட், சட்டை, பனியன் எதுவும் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. செருப்பு போடக்கூடாது.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், அந்த எட்டு பதினொன்றானது. இந்த முறை கலியாணத்தையும் விடவில்லை. மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக்கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றார்கள். கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன.

நூற்றாண்டுக் கணக்குப் பழைய கதையல்ல இது. 1930இல் பிறந்தவர்கள் இன்னும் நம் தோட்டங்களில் கம்பூன்றி நடக்கிறார்கள்.

கடல் கடந்து வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். லயத்திலும் சாதி இருந்தது. கோட்டும் தலைப்பாகையும் பெரிய கங்காணிக்கு. வேலைக்காரருக்குக் கம்பளி. அந்தக் கம்பளியின் விலையும் அவர்களுடைய கணக்கில்தான் விழுந்தது. ஆனாலும் கலியாண வீட்டுக்கு ஒரு சட்டை போட்டு, ஒரு பட்டுச் சேலை கட்டிப் போவது என்பது, போடவே கூடாது என்று தடுக்கப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் விரும்பி உடுத்தியதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன வருஷ விஷயத்துக்குப் பிறகு, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாட்டியிடம் இதைக் கேட்டேன். எண்பது தாண்டியவர். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இருந்த லயத்தில் ஒரேயொரு பட்டுச் சேலைதான் இருந்ததாம், மாம்பழக் கலர். இருபது வருஷம் அந்த லயத்துப் பெண்கள் எல்லோரும் அதைக் கட்டித்தான் கலியாணங்களுக்குப் போனார்கள். கலியாண வீட்டில் மற்றவர்கள், "மாம்பழம் வந்திருச்சா? இன்னிக்கு யாரு கட்டியிருக்கா?" என்றுதான் கேட்பார்களாம். டோபியிடம் வெளுக்கப் போட்ட சேலை தனக்கு முன்னால் கலியாண வீட்டில் போய் உட்கார்ந்திருந்த கதையும் சொன்னார். டோபி வாடகைக்கு விட்டிருக்கிறார். "என்னா செஞ்சீங்க பாட்டி?" என்று கேட்டேன். "என்னாத்த செய்றது? அவளுக்கு நல்லா இருந்துச்சு. சாப்பிட்டு வந்துட்டேன்" என்றார்.

நொக்ஸ் எழுதியதை அவர் வாசித்ததில்லை. ஆனால் அதே கதை.

இனி எங்கள் வீடு.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்போம். அவரிடம் சிவப்புத் துருக்கித் தொப்பி ஒன்று, கறுப்புக் குஞ்சத்தோடு, பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. குடும்பத்தில் யாருக்குக் கலியாணம் என்றாலும் அந்த டின் வீடு மாறும். மாப்பிள்ளைக்கும் போகும், மாப்பிள்ளையோடு போகிற பெரியவருக்கும் போகும். தலை சின்னதென்றால் உள்ளே கடதாசி மடித்து வைப்பார்களாம். என் வாப்பாவின் கலியாணப் படத்தில் அந்தத் தொப்பி காதுவரை இறங்கியிருக்கிறது.

அந்தத் தொப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1829இல் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் அதிகாரிகள் எல்லோரும் ஒரே விதமாக அதை அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு முன் தலைப்பாகையைப் பார்த்தே யார் எந்தப் பதவி, எந்தக் கூட்டம் என்று தெரியும். எல்லாத் தலையும் ஒன்றுபோல் இருக்கட்டும் என்பதற்காக வந்த தொப்பி அது. பிறகு அதில் பெரும்பகுதி ஒஸ்திரியா, பொஹீமியாத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது என்பது வேறு வேடிக்கை.

எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற உராபி பாஷா 1883 ஜனவரியில் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தார். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார். அவரையும் அவருடைய தோழர்களையும் பார்த்துத்தான் இங்கே முஸ்லிம் ஆண்களிடையே துருக்கித் தொப்பியும் காற்சட்டையும் பரவலாயின.

பிறகு அது வழக்காகவும் மாறியது. 1905 மே 2ஆம் திகதி எம்.சீ. அப்துல் காதர் என்ற முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. தொப்பி வேண்டுமென்றால் சப்பாத்தைக் கழற்று, சப்பாத்து வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்று என்கிற கதையானது. அவர் நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் முன்னின்று இயக்கம் நடத்தினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. கடைசியில் தொப்பி நீதிமன்றத்துக்குள் போனது. இருபது வருஷம் கழித்து, 1925 நவம்பரில், துருக்கியே சட்டம் போட்டு அந்தத் தொப்பியைத் தடைசெய்தது. துருக்கியில் போன தொப்பி பதுளையில் எங்கள் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக இருந்தது.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இன்னொருவர் நம் உடுப்பைப் பார்த்து வாசலில் நிறுத்தும்போது எப்படி வலிக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு முகம் மூடுவதற்குத் தடை வந்தது. மே மாத இறுதியில், அரச அலுவலகத்துக்கு வரும் பெண் ஊழியர்கள் சேலை அல்லது ஒசரிதான் உடுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அது மாற்றப்பட்டது. அந்த வருஷம் கலியாண வீட்டுக்குப் போக அபாயாவை எடுத்துப் பார்த்து, திரும்ப அலுமாரியில் வைத்து, கடைசியில் போகாமலே இருந்த பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்தி நான்.

அப்படிப்பட்ட நான்தான், ஒரு மெரூன் படத்தை அனுப்பி இன்னொரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். சட்டம் போட்டு நிறுத்தவில்லை, இதயம் போட்டு நிறுத்தினேன். விளைவு ஒன்றுதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

எங்கள் ஆட்களுக்காக இதையும் சொல்லவேண்டும். புஹாரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஆயிஷா நாயகியிடம் ஓர் ஆடை இருந்தது, ஐந்து திர்ஹம் பெறுமதி. நபியவர்கள் காலத்தில் மதீனாவில் எந்தப் பெண்ணைக் கலியாணத்துக்கு அலங்கரிப்பதென்றாலும் அவரிடம் ஆளனுப்பி அந்த ஆடையை இரவல் வாங்கித்தான் அலங்கரிப்பார்களாம். மதீனாவின் மணப்பெண்கள் எல்லோரும் இரவல் உடுப்பில் இருந்திருக்கிறார்கள்.

மற்றது உம்மு அதிய்யா அறிவிப்பது. பெருநாள் திடலுக்குப் பெண்கள் எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லப்பட்டபோது ஒருவர் கேட்டார், எங்களில் ஒருத்தியிடம் மேலாடை இல்லையென்றால் என்ன செய்வது என்று. இல்லாதவள் வீட்டில் இருக்கட்டும் என்று நபியவர்கள் சொல்லவில்லை. அவளுடைய தோழி தன் மேலாடையிலிருந்து கொடுக்கட்டும் என்றார்கள்.

எத்தனை தடவை வாசித்த ஹதீஸ். உடுப்பில்லாதவளைப் பற்றிய கேள்விக்கு, உடுப்பிருப்பவளுக்குப் பொறுப்பு வைத்துப் பதில் வந்திருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம்தான் உறைத்தது.

சரி, கலியாணத்துக்கு என்னதான் உடுத்துவது?

பதுளையில் நாங்கள் மூன்று சமூகங்களின் கலியாணத்துக்கும் போகிறவர்கள். என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீடுகளுக்கு வரும் தமிழ், சிங்களத் தோழிகள் பொட்டு வைக்கலாமா, பூ வைக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு எப்படிப் போவீர்களோ அப்படியே வாருங்கள். பள்ளிவாசலுக்குள் நிகாஹ் என்றால் மட்டும் தலையை மூட ஒரு துணி கையில் இருக்கட்டும். மண்டபத்தில் அதுவும் தேவையில்லை.

நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்துக் கலியாணத்தில் பெரியவர்கள் கறுப்பை விரும்புவதில்லை. அபாயா போடுகிறவர்கள் வேறு கலரில் ஒன்று போடலாம், அல்லது கலர் சால் ஒன்றாவது போட்டுப் போகலாம். சிங்கள மக்களிடத்தில் மணமகளுக்கு வெள்ளை, ஆனால் விருந்தாளி முழு வெள்ளையில் போனால் மரண வீட்டு ஞாபகம் வரும். இவ்வளவுதான் விதி. மற்றதெல்லாம் துவைத்து அயன் பண்ணியிருந்தால் போதும்.

கலியாணம் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சகோதரிமார் நாலுபேர் ஒரே கலரில் உடுத்திப் படம் எடுக்க ஆசையென்றால் எடுங்கள், அழகுதான். அதை உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் போடாதீர்கள். கலர் எழுதிய அழைப்பிதழ் கைக்கு வந்தவுடன் சிலர் அலுமாரியைத் திறப்பார்கள். திறக்க அலுமாரி இல்லாதவர்கள் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். வராமல் விட்டுவிடுவார்கள். நீங்களும் கூட்டத்தில் கவனிக்க மாட்டீர்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வட்டிலப்பம் கொஞ்சம் உம்மா செய்து தந்துவிட்டார். அவர் வேலையில்லாத நாள், வாசலில் படங்கைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கலர் படம் உங்களுக்கு அனுப்பியது என் பிழை" என்று சொன்னேன். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்று தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். அந்த மாம்பழச் சேலைக் கதையை அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது படிவரை வந்து வழியனுப்பினார். "அடுத்த கலியாணத்துக்கு கலர் போடாம சொல்லுங்க டீச்சர். வாறோம்" என்றார்.

எங்கள் வீட்டில் அடுத்தது தம்பியின் கலியாணம், இன்ஷா அல்லாஹ். குடும்பக் குழுவில் இப்போதே சொல்லிவிட்டேன். சாச்சியின் மகளுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

உங்கள் வீடுகளிலும் ஒரு மாம்பழச் சேலையோ, ஒரு பிஸ்கட் டின் தொப்பியோ இருந்திருக்கும். பெரியவர்களிடம் கேட்டு கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்ல எனக்கு உதவும்.